உழவு இல்லாத மாதங்களில் டிராக்டர் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

கோடை உழவு முடிந்ததும் டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அடுத்த மழைக்குத்தான் சாவியைத் தொடும் விவசாயிகள் பலர். மழை பெய்து, மண் பதமாக இருக்கும் அந்த இரண்டு மூன்று நாட்கள்தான் உழவுக்கு உகந்தவை. அன்றைக்குப் பார்த்து செல்ஃப் எடுக்காமல் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வந்தால், பேட்டரிக் கடைக்கு அலைவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். வாடகை டிராக்டரும் அந்த நேரத்தில் கிடைக்காது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்குவதுதான் பெரும்பாலும் முடிவாகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இப்படிப் பழுதாகும் பேட்டரிகளில் பல, உழைத்துத் தேய்ந்தவை அல்ல. சும்மா கிடந்தே கெட்டவை. நிறுத்தும் முன்பு அரை நாளும், பிறகு மாதம் ஒருமுறை பத்து நிமிடமும் ஒதுக்கினால் இந்தச் செலவைத் தள்ளிப்போடலாம். டிராக்டருக்கு மட்டுமல்லாமல் பவர் டில்லர், அறுவடை இயந்திரம், ஜெனரேட்டர், மீன்பிடிப் படகு, பேட்டரி தெளிப்பான் என அனைத்துக்கும் இது பொருந்தும்.

சும்மா இருந்தாலும் சார்ஜ் ஏன் இறங்குகிறது?

பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. வெளியே எந்த ஒயரும் மாட்டாமல் இருந்தாலும், உள்ளே இவற்றுக்கு இடையே மெதுவாக வேதிவினை நடந்துகொண்டேதான் இருக்கும். அதனால் சார்ஜ் தானாகவே குறையும். இதைத் தன்னிறக்கம் என்பார்கள்.

எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது பேட்டரியின் வகையைப் பொறுத்தது. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் பழைய வகைப் பேட்டரியில், நம் ஊர் வெப்பநிலையில், மாதத்துக்கு 5 முதல் 10 சதவீதம் வரை இறங்கலாம். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத கால்சியம் கலந்த வகையில் 3 முதல் 5 சதவீதம் வரை இறங்கும். பேட்டரி பழையதாக ஆக இந்த அளவு கூடும்.

வெயில் இதைத் துரிதப்படுத்துகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் தன்னிறக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நிழலான இடத்தில் மாதம் 4 சதவீதம் இறங்கும் பேட்டரி, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கொதித்துக்கொண்டு இருந்தால் மாதம் 8 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கும்.

இரண்டாவது காரணம் வண்டியே உறிஞ்சுவது. சாவியை அணைத்த பிறகும் கடிகாரம், டேப்ரெக்கார்டர், ஜிபிஎஸ் கருவி, கூடுதலாகப் பொருத்திய விளக்குகளின் ரிலே ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுக்கும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு இன்ஜின் உள்ள புதிய டிராக்டர்களிலும் இது உண்டு.

ஒரு கணக்குப் பாருங்கள். வண்டி 20 மில்லி ஆம்பியர் மட்டும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.48 ஏ.எச். ஆகிறது. 90 நாளில் 43 ஏ.எச். காலி. 88 ஏ.எச். பேட்டரியில் இது ஏறக்குறைய பாதி. இதோடு தன்னிறக்கமும் சேர்ந்தால் மூன்று மாதம் கழித்து செல்ஃப் எடுக்காததில் வியப்பில்லை.

இறங்குவதைவிட இறங்கிய நிலையில் கிடப்பதே ஆபத்து

சார்ஜ் இறங்கினால் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். உடனே ஏற்றினால் சரி. வாரக்கணக்கில் அப்படியே விட்டால்தான் சிக்கல்.

சார்ஜ் இறங்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்ற வெண்மையான படிவு உண்டாகிறது. புதிதாக இருக்கும்போது அது மென்மையாக இருக்கும். சார்ஜ் போட்டால் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நாளாக நாளாக அது கெட்டியான படிகமாக இறுகிவிடும். இறுகிய பகுதிக்குள் அமிலம் புக முடியாது. அந்தத் தகடு அந்த அளவுக்குச் செத்துவிட்டது என்று பொருள். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய வலு வராது. 'சார்ஜ் ஏறுது, ஆனா நிக்க மாட்டேங்குது' என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான்.

ஆகவே முழு சார்ஜுடன் நிறுத்திய பேட்டரியும், பாதி சார்ஜுடன் நிறுத்திய பேட்டரியும் ஒன்றல்ல. முதலாவது மாதக்கணக்கில் தாங்கும். இரண்டாவது நிறுத்திய நாளிலிருந்தே கெடத் தொடங்குகிறது.

எத்தனை மாதம் தாங்கும்?

நல்ல நிலையில் உள்ள பேட்டரியை முழு சார்ஜ் செய்து நிறுத்தினால், மறு சார்ஜ் தேவைப்படும் காலம் தோராயமாக இப்படி இருக்கும்.

• தண்ணீர் ஊற்றும் வகை, ஒயர் கழற்றி, நிழலில் வைத்தால்: 2 முதல் 3 மாதம்.

• தண்ணீர் ஊற்றாத கால்சியம் வகை, ஒயர் கழற்றி, நிழலில் வைத்தால்: 4 முதல் 6 மாதம்.

• எந்த வகையானாலும் ஒயரைக் கழற்றாமல் வண்டியிலேயே விட்டால்: 1 முதல் 2 மாதம்.

• வெயில் படும் இடம் அல்லது தகரக் கொட்டகை என்றால்: மேலே சொன்னதில் பாதி.

• மூன்று நான்கு ஆண்டு உழைத்த பழைய பேட்டரி என்றால்: மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

இந்தக் காலத்துக்குப் பிறகு பேட்டரி செத்துவிடும் என்று பொருள் இல்லை. அதற்குள் ஒருமுறை சார்ஜ் போட்டுவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

நீங்களே சோதிப்பது எப்படி?

எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். வண்டி ஓடி நின்றவுடனோ சார்ஜ் போட்டவுடனோ பார்க்கக் கூடாது. அப்போது பொய்யாகக் கூடுதல் காட்டும். ஓர் இரவு விட்டு, காலையில் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு அளவு இதுதான்.

• 12.6 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்.

• 12.4: முக்கால் பங்கு. உடனே சார்ஜ் போட வேண்டிய எல்லை இது.

• 12.2: பாதி. படிவு இறுகத் தொடங்கும் நிலை.

• 12.0: கால் பங்கு.

• 11.8 மற்றும் அதற்குக் கீழ்: காலி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டரில் 12 என்று பார்த்ததும் '12 வோல்ட் பேட்டரி, 12 காட்டுது, நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். 12.0 என்றால் முக்கால்வாசி காலி என்று பொருள்.

முழுதாக சார்ஜ் போட்டு ஓர் இரவு கழித்தும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது என்று கொள்ளலாம். அதைச் சரிசெய்ய முடியாது.

தண்ணீர் ஊற்றும் வகைக்கு ஹைட்ரோமீட்டர் இன்னும் துல்லியமானது. முழு சார்ஜில் எவ்வளவு காட்ட வேண்டும் என்பது பேட்டரிக்குப் பேட்டரி சற்று மாறும், பொதுவாக 1.240 முதல் 1.280 வரை இருக்கும். ஆறு செல்லிலும் எடுத்துப் பாருங்கள். ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த பேட்டரியை நம்பி மழைக்காலத்தில் இறங்க வேண்டாம்.

நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

1. மேல்பகுதியைத் துடையுங்கள். மண்ணும் அமிலக் கசிவும் ஈரத்தோடு சேர்ந்தால் இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் கசியும் பாதை ஆகிவிடும். முனைகளில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடியை, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைப் பழைய பல் துலக்கும் பிரஷில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

2. தண்ணீர் அளவைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, பிறகு சார்ஜ் போடுங்கள். சார்ஜ் முடிந்த பின் குறியீடு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரம்ப ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி அமிலம் வழியும்.

3. முழு சார்ஜ் ஏற்றுங்கள். வண்டி ஓடியதே போதும் என்று இருக்காதீர்கள். சார்ஜரில் ஏற்றினால்தான் முழுமையாக ஏறும்.

4. ஒயரைக் கழற்றுங்கள். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். வண்டியின் உடல் முழுவதும் நெகட்டிவ்வோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவ்வை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் பெரும் தீப்பொறி கிளம்பும். பேட்டரியை இறக்கி வைக்க வசதி இல்லையென்றால் நெகட்டிவ் ஒயரை மட்டுமாவது கழற்றி விடுங்கள். அதற்குச் செலவே கிடையாது, பலனோ பெரியது.

5. முனைகளில் வாசலின் தடவுங்கள். கிரீஸைவிட இது நல்லது.

6. காற்றோட்டமான, வெயில் படாத, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். உரமூட்டை, வைக்கோல், டீசல் கேன் அருகில் வேண்டாம்.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். பழைய காலத்து மர, ரப்பர் பெட்டிப் பேட்டரிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒரு பலகை மேல் வைத்தால் ஈரமும் மண்ணும் அண்டாது.

சார்ஜ் போடும் முறை

பேட்டரியின் ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பாதுகாப்பான கணக்கு. 88 ஏ.எச். என்றால் 8 முதல் 9 ஆம்பியர். பாதி காலியான பேட்டரி நிறைய 6 முதல் 8 மணி நேரம் ஆகும். கடையில் கொடுக்கும்போது, 'ஒரு மணி நேரத்தில் ஏற்றிக் கொடுங்க' என்று அவசரப்படுத்தாதீர்கள். அதிக ஆம்பியரில் வேகமாக ஏற்றினால் தகடு சூடாகி வளையும். இரவு முழுக்க மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஏற்றுவதானால், நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் தானியங்கி சார்ஜர் நல்லது. தோட்டத்தில் மின்இணைப்பு இல்லையென்றால் 10 வாட் சோலார் பலகை ஒன்றைச் சிறிய சார்ஜ் கன்ட்ரோலருடன் மாட்டலாம். நல்ல வெயிலில் அது அரை ஆம்பியர் அளவு கொடுக்கும். தன்னிறக்கத்தை ஈடுகட்ட அது தாராளம். காலியான பேட்டரியை நிரப்ப அது போதாது.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது எளிதில் வெடிக்கும். அருகில் பீடி, தீப்பெட்டி, வெல்டிங் எதுவும் கூடாது. சார்ஜரின் கிளிப்பை மாட்டிய பிறகு சுவிட்சைப் போடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகு கிளிப்பைக் கழற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிவது நல்லது. அமிலம் கண்ணில் தெறித்தால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

செய்யக் கூடாத நான்கு

• வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது. ஸ்டார்ட் செய்யும்போது போன சார்ஜ், மெதுவாக ஓடும் இன்ஜினால் ஐந்து நிமிடத்தில் திரும்பாது. ஓட்டுவதானால் அரை மணி முதல் முக்கால் மணி நேரம், வேலை செய்யும் வேகத்தில் ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடாமல் இருப்பதே மேல்.

• கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், குடிக்கும் கேன் தண்ணீர் ஊற்றுவது. கேன் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. அது தகடுகளைக் கெடுத்து, தன்னிறக்கத்தையும் கூட்டும்.

• வலு குறைந்த பேட்டரிக்கு ஆசிட் ஊற்றுவது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஊற்றினால் தகடு அரிக்கும்.

• லாரி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து டிராக்டரை ஸ்டார்ட் செய்வது. பெரிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் டிராக்டரில் கொடுத்தால் பேட்டரி வெடிக்கலாம், மின்பாகங்கள் கருகலாம்.

பேட்டரி தெளிப்பானுக்குத் தனிக் கவனம்

முதுகில் மாட்டும் பேட்டரி தெளிப்பான்கள் அதிகம் கெடுவதும் இந்தக் காரணத்தால்தான். கடைசி மருந்தடிப்பு முடிந்து, சார்ஜ் தீர்ந்த நிலையிலேயே மூலையில் வைத்துவிடுகிறோம். அடுத்த பட்டத்துக்கு எடுத்தால் பத்து நிமிடம்கூட ஓடுவதில்லை.

இவற்றில் பெரும்பாலும் 12 வோல்ட், 8 அல்லது 12 ஏ.எச். கொண்ட மூடிய ஈய பேட்டரி இருக்கும். சிறிய பேட்டரி என்பதால் கொஞ்சம் இறங்கினாலும் காலியாகிவிடும். அன்றன்று அடித்து முடித்ததும் அன்றே சார்ஜ் போடுங்கள். பட்டம் முடிந்ததும் தொட்டியைக் கழுவி, முழு சார்ஜ் ஏற்றி, சுவிட்சை அணைத்து வையுங்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும்.

லித்தியம் பேட்டரி உள்ள தெளிப்பானுக்கு முறை வேறு. அதை முழுதாக நிரப்பியும் வைக்கக் கூடாது. காலியாகவும் வைக்கக் கூடாது. ஏறக்குறைய பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் பல மாதம் தாங்கும். உப்பிய லித்தியம் பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கடலோர கிராமங்களில் படகு வைத்திருப்போருக்கு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையில் நிற்கும் விசைப்படகின் பேட்டரிக்கு இது சோதனையான காலம். ஆண்டிலேயே வெயில் கடுமையான மாதங்கள் அவை. போதாததற்கு உப்புக் காற்று முனைகளை அரிக்கும். ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி, வயர்லெஸ், தண்ணீர் இறைக்கும் பம்பு ஆகியவற்றின் இணைப்பு அப்படியே இருந்தால் 61 நாளில் பேட்டரி அடிமட்டத்துக்குப் போகும். படகைக் கரையேற்றியதும் பேட்டரியை இறக்கி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி வீட்டு நிழலில் வையுங்கள். மே மாத நடுவில் ஒருமுறையும், கடலுக்குப் போவதற்கு முந்தைய வாரம் ஒருமுறையும் வோல்ட் பாருங்கள். நடுக்கடலில் செல்ஃப் எடுக்காவிட்டால் உதவிக்குக் கூப்பிடும் வயர்லெஸும் அதே பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது.

மீண்டும் எடுக்கும்போது

மழை வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உழவு எதிர்பார்க்கும் நாளுக்கு பத்து நாள் முன்பே பேட்டரியை சார்ஜ் போட்டு, மாட்டி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரில் வோல்ட் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனமாகிவிட்டது. இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் ஆல்டர்நேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புதிய பேட்டரி போட்டால் அதுவும் சில மாதத்தில் படுத்துவிடும்.

புதியது வாங்க நேர்ந்தால்

கடை அலமாரியில் கிடக்கும் பேட்டரியும் பயன்படுத்தாத பேட்டரிதான். பெட்டியில் உள்ள தயாரிப்பு மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததாக இருந்தால் வேறு கேளுங்கள். எடுக்கும் முன் உங்கள் எதிரிலேயே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள், 12.4-க்குக் குறைந்தால் வேண்டாம். வாரன்டி அட்டையில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பேட்டரியை அதே கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அதை உடைத்து ஈயம் எடுப்பதோ, அமிலத்தை வரப்பிலோ கிணற்று மேட்டிலோ கொட்டுவதோ வேண்டாம். ஈயம் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து உடலுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

சுருக்கமாக நினைவில் வைக்க வேண்டியவை: நிறைத்து நிறுத்துங்கள், நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், நிழலில் வையுங்கள், மாதம் ஒருமுறை வோல்ட் பாருங்கள், 12.4-ஐத் தொட்டால் அன்றே சார்ஜ் போடுங்கள். அடுத்த மழைக்கு டிராக்டர் முதல் சாவியிலேயே கிளம்ப இது போதும்.